கடைசிப் பெயர்

இரவு பதினொன்று நாற்பது. பாண்டூப்பில்
குழாய்த் தண்ணீர் வர இன்னும் ஐந்து மணி நேரம்.
பொன்செல்வி தூங்குகிறாள், பக்கத்தில் நிறைமதி,
கால் ஒன்று சுவரின் மேல்.
சமையல் மேடையில் மடிக்கணினியை வைத்து
நின்றுகொண்டே என் சாவுக்கு விலை கேட்கிறேன்.

முதல் பெயர்: சண்முகராஜ்.
கடைசிப் பெயர் கட்டாயம் என்கிறது சிவப்பு எழுத்து.
எங்கள் பக்கம் அப்படி ஒன்று கிடையாது.
முன்னால் ஒரு மா, அதற்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான்.
பான் அட்டையில் உள்ளபடி நிரப்புகிறேன்: மாசானமுத்து.
செத்துப் பதினோரு வருடமான அப்பாவுக்கும்
சேர்த்தே போடுகிறார்கள் போல ஒரு கோடி.
டி.வி.எஸ். வண்டிக்கே இன்சூரன்ஸ் கட்டாமல் ஓட்டியவர்.

பட்டையை வலப்பக்கம் இழுத்தால்
வயது ஏறுகிறது. அறுபது, எழுபது.
எண்பத்தைந்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தேன்.
யாருக்கும் தொந்தரவு இல்லாமல் ஒரு கிழவன்
அங்கே உட்கார்ந்திருந்தான். விலை அதிகம்.
அறுபத்தைந்துக்கே இழுத்து வந்துவிட்டேன்.
மாதம் ஆயிரத்து நூற்று நாற்பது:
ஒரு சிலிண்டரும் சில பால் பாக்கெட்டும்.

மலையேறுவீர்களா? ஆழ்கடலில் மூழ்குவீர்களா?
கார் பந்தயம்?
எட்டேகால் தாதர் லோக்கலில்
ஒரு கை கம்பியில், ஒரு கால் பலகையில்,
மற்றதெல்லாம் வெளியே என்பதற்குக் கட்டம் இல்லை.
இல்லை, இல்லை, இல்லை என்று அழுத்தினேன்.
அதுவரை எல்லாம் உண்மை.

கடந்த பன்னிரண்டு மாதத்தில் புகையிலை?

கிடங்குக்குப் பின்னால்,
தார்ப்பாய் அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு நாளைக்கு இரண்டு. மழை என்றால் மூன்று.
அப்புறம் ஏலக்காய், அப்புறம் ரயில், அப்புறம் வீடு.
ஆம் என்று தொட்டேன். எழுநூற்று ஐம்பது ஏறியது.
இல்லை என்று தொட்டேன், இறங்கியது.
ஆம். இல்லை. ஆம்.
லிஃப்டில் விளையாடும் பிள்ளை மாதிரி.

ஞானதிரவியம் அண்ணனாக இருந்தால்
பேனா மூடியைக் கடித்தபடி
'அதெல்லாம் எழுத வேண்டாம் தம்பி' என்றிருப்பார்.
முதல் வருடக் கமிஷன் அவருக்கு,
ஒரு டப்பா காஜு கத்லி எனக்கு.
ஆனால் மூன்றாம் மாடி வாக்மாரே போன அன்று
பூமாலைகளுக்கு முன்னால் வந்தது அவர்தான்.
வார்டு ஆபீசில் மூன்று நாள் நின்று
சான்றிதழில் தப்பாக விழுந்த ஓர் எழுத்தைத்
திருத்தி வாங்கினார்.
இந்தத் திரை யார் வீட்டுப் பாயில் வந்து உட்காரும்?
கீழ் மூலையில் ஒரு பெண் படம்,
நான் உதவட்டுமா என்கிறாள்,
எதைக் கேட்டாலும் அதையே.

அண்ணன் எழுதாமல் விட்டதை
என்றாவது யாராவது தோண்டினால்
பொன்செல்வி கையில் வெறும் காகிதம்.
எழுதினால், பாலிசியின் முதல் பக்கத்தில் இருக்கும்:
புகைப்பவர்.
நான் போன பிறகு
என்னிடமிருந்து அவளுக்கு வரும் முதல் கடிதம்.

வெகுநேரம் நின்றேன். கால் வலித்தது.
ஆம் என்றே விட்டேன்.

ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம் என்றது.
ஆதாரோடு இருப்பது அவள் நம்பர்;
குர்லாவில் என் போன் பறிபோன வருடம் மாற்றியது.
உள்ளே, இருட்டில், தலையணைக்கடியில் ஒரு சத்தம்.

'பொன்னு, ஆறு நம்பர் வந்திருக்கும், படி.'
ஒரு கண்ணை மட்டும் திறந்து படித்தாள்.
'நாலு. ஏழு. ஏழு. சைபர். ரெண்டு.'
நிறுத்தினாள்.
'யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கே.
எதுக்கு இது?'

ஐந்து கட்டம் நிரம்பியிருக்கிறது.
மேலே கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது,
ஒன்று நாற்பத்தெட்டு, ஒன்று நாற்பத்தேழு.
எழுந்து உட்காருகிறாள்,
கையால் சுவரைத் தடவி
விளக்கு சுவிட்சைத் தேடுகிறாள்.